மது கலவா மருந்து

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் சிறுபஞ்சமூலமும் ஏலாதியும் சமணச் சான்றோர் இயற்றியவை. முன்னதைப் பாடியவர் காரியாசான். பின்னதைப் பாடியவர் கணிமேதாவியார். இரண்டின் பெயர்களும் மருந்தின் பெயர்களே. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தின் வேர்கள் சிறுபஞ்சமூலம். ஏலம், இலவங்கம், நாககேசரம், மிளகு, திப்பிலி, சுக்கு ஆகியவற்றை இடித்துச் சேர்த்த சூரணம் ஏலாதி. அறம் உரைக்க வந்தவர்கள் மருந்தை உவமையாகக் கொண்டதில் வியப்பில்லை. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என்னும் நால்வகைத் தானங்களுள் மருந்தும் ஒன்றன்றோ!

ஆனால் அந்தத் தானத்திற்கு ஓர் எல்லை இருந்தது. சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகமும், அதன் வழி வந்த தமிழ் நூலாகிய அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்கு விதிக்கும் மூலகுணங்களில் கள், ஊன், தேன் மூன்றையும் விலக்குதல் அடங்கும். கள் அறிவை மயக்குவதோடு, எண்ணற்ற நுண்ணுயிர்கள் தோன்றி மடியும் இடமாகவும் கருதப்பட்டது. புளித்துப் பொங்கும் எதற்கும் இது பொருந்தும். அக்கால வைத்தியத்திலோ தேன் அனுபானமாகவும், புளிக்கவைத்த ஆசவமும் அரிட்டமும் மருந்தாகவும், ஊன் இரசம் உடல் தேற்றவும் வழங்கின. நோயுற்ற சாவகன் என்ன செய்வான்?

இவ்வினாவிற்கு முழு நூலாகவே விடையளித்தவர் உக்கிராதித்த ஆசாரியர். ஸ்ரீநந்தியின் மாணவரான இவர், 9ஆம் நூற்றாண்டில் இராமகிரியிலிருந்து ‘கல்யாணகாரகம்’ என்னும் வடமொழி மருத்துவ நூலை 25 அதிகாரங்களில் இயற்றினார். ஊன், மது, தேன் ஆகியவற்றை விலக்கியே சிகிச்சை வகுத்தது இதன் தனிச் சிறப்பு. நூலின் இறுதியில், இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷ நிருபதுங்கனின் அவையில் வைத்தியர்கள் முன்னிலையில் ஊனுணவு மருந்தாகாது என்று அவர் நிகழ்த்திய உரையும் சேர்க்கப்பட்டுள்ளது. மடத்திற்குள் தம்மவரிடம் சொல்லி முடித்துக்கொள்ளாமல், மாற்றுக் கருத்துடைய வைத்தியர்களை நேர்நின்று எதிர்கொண்டார் என்பதே இதில் போற்றத்தக்கது. இந்நூல் 1940இல் சோலாப்பூரில் இந்தி மொழிபெயர்ப்புடன் அச்சேறியது.

மது மருந்திற்குள் நுழைந்ததற்குக் காரணம் மயக்கம் தரும் ஆசையன்று. கெடாமல் வைத்திருக்கும் தேவையே. காய்ச்சிய குடிநீரின் ஆயுள் ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம் என்பது சித்த மருத்துவ மரபு. அதே கஷாயத்தில் வெல்லமும் தாதகிப் பூவும் இட்டு, வாய்மூடிய சாடியில் ஏறத்தாழ ஒரு மாதம் வைத்தால் மதுசாரம் தானே உண்டாகி, அரிட்டமாகிப் பல ஆண்டுகள் நிற்கும். மேலைநாட்டு ‘டிங்சர்’ இன்னும் ஒரு படி மேலே சென்று, மூலிகையை மதுசாரத்திலேயே ஊறவைத்து வடித்தெடுக்கிறது. அரிட்டத்தில் மதுசாரம் பெரும்பாலும் நூற்றுக்குப் பன்னிரண்டிற்கு மிகாது. டிங்சர்களிலும் ஓமியோபதியின் மூலத் திராவகங்களிலும் பாதிக்கு மேலும் இருப்பதுண்டு.

வந்தவாசி, செஞ்சி, ஆரணிப் பகுதிக் கிராமங்களில் வாழ்ந்தவரை வேரை இடித்து அன்றன்று குடிநீர் காய்ச்ச வீட்டில் ஆளும் அடுப்பும் இருந்தன. அனகாபுத்தூர், பல்லாவரம், தாம்பரம் என்று நகரின் தெற்கே குடியமர்ந்து, விடியலில் மின்தொடர் வண்டி பிடிக்கும் குடும்பத்திற்கு அந்த ஓய்வு ஏது? புட்டி எளிதாகிவிட்டது. விரதத்தைக் கருதாதவர்க்கும் அதில் இடர் உண்டு. மதுசாரம் ஒவ்வாதவர்க்கு முகம் சிவத்தலும் படபடப்பும் தோன்றும். கல்லீரல் நோயாளிக்கு அது கேடு. குடியை விடுவதற்காக ‘டைசல்பிராம்’ உட்கொள்பவர்க்குச் சில துளிகளே வாந்தியும் படபடப்பும் விளைக்கலாம். வெந்நீரில் சொட்டுகளை விட்டால் மதுசாரம் முழுதும் ஆவியாகிவிடும் என்பது வெறும் நம்பிக்கை. ஒரு பகுதி தங்கவே செய்யும். ஆகவே மேலொட்டில் ‘தானே உண்டான மதுசாரம்’ என அச்சிட்டுள்ள அளவைப் பார்ப்பதும், சூரணமாகவோ மாத்திரையாகவோ தர இயலுமா என மருத்துவரைக் கேட்பதும் நன்று. இலேகியமாயின் தேன் சேர்ந்ததா என்றும் கேட்க வேண்டும். கேளாமல் மருந்தையே நிறுத்திவிடுவது அறமுமன்று, அறிவுமன்று.

மாற்று தொலைவில் இல்லை. தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. டெங்குக் காய்ச்சல் பரவிய காலத்தில் தமிழகமெங்கும் பரவலாக வழங்கப்பட்ட நிலவேம்புக் குடிநீர், ஒன்பது சரக்குகளின் கலவை, மதுவுமில்லை, தேனுமில்லை. சூரணமாக வைத்திருந்து வேண்டும்போது காய்ச்சலாம். அந்தி சாய்ந்தபின் உண்ணாதவர்கள் வேளையை மட்டும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

விரதத்திற்கும் நோய்க்கும் இடையே நின்று தவித்தவர்களுள் சமந்தபத்திரரும் ஒருவர் என்கிறது மரபு. எவ்வளவு உண்டாலும் தீராப் பசி தரும் பஸ்மக நோய் அவரைப் பற்றியது. சல்லேகனைக்கு அனுமதி வேண்டினார், குரு மறுத்தார். நோய் தீரும்வரை துறவுக் கோலத்தை நீக்கி, தீர்ந்தபின் மீண்டும் ஏற்கப் பணித்தார். அவ்வாறே செய்தார். அவர் எண்வகை மருத்துவத்தையும் விரித்து ஒரு நூல் செய்தார் என்று உக்கிராதித்தர் கல்யாணகாரகத்தில் குறிப்பிடுகிறார். அந்நூல் இன்று நம்மிடம் இல்லை.