வீட்டு வானலையின் சாவி யார் கையில்?

புதிதாக வாங்கி வந்த ஸ்மார்ட் பல்பை மாட்டிவிட்டு கைபேசியில் அதன் செயலியைத் திறந்தால், கைபேசி 2.4 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபையில் இருக்க வேண்டும் என்று ஒரு செய்தி வருகிறது. வீட்டில் இருப்பதோ மெஷ் வை-ஃபை. அதில் தெரிவது ஒரே ஒரு பெயர்தான். 2.4, 5 என்ற இரண்டு அலைப்பட்டைகளும் அந்த ஒரே பெயருக்குள் ஒளிந்திருக்கின்றன. பல மெஷ் கருவிகளில் இவற்றைப் பிரிக்கும் வசதியைத் தேடினாலும் கிடைக்காது. சொந்த வீடு, சொந்தக் காசில் வாங்கிய கருவி. ஆனால் எந்த அலைப்பட்டையில் பேசுவது என்ற முடிவு மட்டும் வீட்டுக்காரர் கையில் இல்லை! இந்தச் சாவி எப்படிக் கைமாறியது என்பது ஒரு சுவையான வரலாறு.

அடுப்புக்கு ஒதுக்கிய அலை

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில், ரேதியான் நிறுவனத்தின் பெர்சி ஸ்பென்சர் ரேடார் அலைகளால் உணவைச் சூடாக்க முடியும் என்று காட்டினார். மைக்ரோவேவ் அடுப்பு பிறந்தது. 1947-ல் அட்லாண்டிக் சிட்டியில் நடந்த சர்வதேச மாநாடு, 2.45 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கென ஒதுக்கியது. அடுப்புகளின் இரைச்சல் நிறைந்த இந்தப் பகுதியைத் தகவல் தொடர்புக்காரர்கள் பெரிதாக விரும்பவில்லை. சுருங்கச் சொன்னால் அது வானலையின் புறம்போக்கு நிலம்.

அந்தக் காலத்தில் வானலை முழுக்க அரசின் சொத்து. உரிமம் இல்லாமல் பெரும்பாலும் யாரும் ஒலிபரப்ப முடியாது. இந்த நிலையை மாற்றியது 1985 மே மாதம் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. எடுத்த முடிவு. ஆணையத்தின் பொறியாளர் மைக்கேல் மார்க்கஸ் முன்னின்று வாதாடியதன் பலனாக, 900 மெகாஹெர்ட்ஸ், 2.4 கிகாஹெர்ட்ஸ், 5.8 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று பகுதிகளில் உரிமம் இல்லாமலே பேசலாம் என்று அனுமதி கிடைத்தது. நிபந்தனை இரண்டுதான். திறன் குறைவாக இருக்க வேண்டும். சமிக்ஞையை அகலமாகப் பரப்பி அனுப்ப வேண்டும். முதல் முறையாகச் சாவி அரசின் கையிலிருந்து பொதுமக்கள் பக்கம் நகர்ந்தது.

இரட்டைப் பிள்ளைகள்

1997-ல் 802.11 என்ற தரம் வந்தது. அதன் வேகம் நொடிக்கு 2 மெகாபிட் மட்டுமே. அதே ஆண்டு எஃப்.சி.சி. 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மேலும் 300 மெகாஹெர்ட்ஸைத் திறந்துவிட்டது. 1999-ல் இரண்டு தரங்கள் ஒன்றாக வெளிவந்தன. ஒன்று 2.4-ல் இயங்கிய 802.11பி, வேகம் 11 மெகாபிட். மற்றொன்று 5-ல் இயங்கிய 802.11ஏ, வேகம் 54 மெகாபிட். வேகமானதுதானே வென்றிருக்க வேண்டும்? அப்படி நடக்கவில்லை. 802.11ஏ கருவிகளின் விலை அதிகம், எட்டும் தூரம் குறைவு. வீடுகளைப் பிடித்தது 802.11பி.

இதற்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கோ சுமார் 6. நீளமான அலை சுவரைத் தாண்டிக் கொஞ்சம் நன்றாகவே போகும். ஆனால் 2.4-ல் இடம் குறைவு. அமெரிக்கக் கணக்கில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்றுதான்: 1, 6, 11. அடுக்குமாடிக் குடியிருப்பில் அண்டை வீட்டு ரௌட்டர்கள் அத்தனையும் அந்த மூன்றுக்குள் முண்டியடிக்கும். 5-ல் இடம் தாராளம், தூரம்தான் குறைவு. ஆக எது நல்லது என்பதற்கு ஒரே பதில் கிடையாது. கருவியையும் அது இருக்கும் இடத்தையும் பொறுத்தது.

2009-ல் வந்த 802.11என் இரண்டு பட்டைகளிலும் இயங்கியது. ஒரு ரௌட்டரில் இரண்டு பெயர்கள் தெரிவது வழக்கமாயிற்று. ஒன்று வெறும் பெயர், மற்றொன்று வாலில் 5ஜி என்று ஒட்டியிருக்கும். பயனர் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளலாம்.

நீல நிறப் பெட்டியும் வானிலை ரேடாரும்

இதே காலத்தில் இன்னொரு கதையும் ஓடியது. லிங்க்சிஸ் நிறுவனம் 2002 இறுதியில் வெளியிட்ட டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல நிற ரௌட்டருக்குள் லினக்ஸ் இருப்பதை ஆர்வலர்கள் கண்டுபிடித்தனர். லினக்ஸின் உரிம விதிப்படி நிறுவனம் மூலநிரலை வெளியிட வேண்டியதாயிற்று. 2004-ல் ஓப்பன்டபிள்யூஆர்டி திட்டம் அதிலிருந்து முளைத்தது. சேனல், அனுப்பும் திறன், பட்டை என எல்லாவற்றையும் பயனரே மாற்றலாம். சாவி முழுவதும் வீட்டுக்காரர் கைக்கு வந்த காலம் இது.

சுதந்திரத்துக்கு மறுபக்கமும் உண்டு. விமான நிலையங்களுக்கு அருகே காற்றின் திடீர் மாற்றத்தைக் கண்டறியும் வானிலை ரேடார்கள் 5.6 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகின்றன. 2009-ல் புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் ரேடாரில் இடையூறு தென்பட்டது. இத்தகைய இடையூறுகளுக்குப் பெரும்பாலும் காரணம் வீட்டு ரௌட்டர்கள் அல்ல; வெளியிடங்களில் உயரத்தில் பொருத்தப்பட்ட இணைய சேவைக் கருவிகள். ஆனாலும் எஃப்.சி.சி. விதியை இறுக்கியது. அனுமதிக்கப்படாத அலைவெண்ணில் இயங்காதபடி ரௌட்டர் மென்பொருளைப் பூட்ட வேண்டும் என்று 2015-ல் வழிகாட்டுதல் வந்தபோது, இணையத்தின் தந்தையரில் ஒருவரான விண்ட் செர்ஃப் உட்பட 260-க்கும் மேற்பட்ட வல்லுநர்கள் எதிர்த்துக் கடிதம் எழுதினர். பூட்டுவதைவிடத் திறந்துவைத்துப் பழுதுபார்க்க விடுவதே பாதுகாப்பு என்பது அவர்கள் வாதம்.

2016 ஆகஸ்டில் டிபி-லிங்க் நிறுவனம் எஃப்.சி.சி.யுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. அதன் சில ரௌட்டர்களில் நாட்டின் பெயரை மாற்றினாலே 2.4-ல் அனுமதித்த அளவுக்கு மேல் திறன் கூடியது என்பது குற்றச்சாட்டு. 2 லட்சம் டாலர் கட்டியதோடு, வெளியார் மென்பொருளை நிறுவ வழிசெய்யவும் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. விதியும் வேண்டும், கதவும் வேண்டும் என்பதுதான் இந்தத் தீர்வின் சாரம்.

ஒற்றைப் பெயரின் ஆட்சி

அதே 2016-ல்தான் ஈரோ, கூகுள் வை-ஃபை, நெட்கியர் ஆர்பி ஆகிய வீட்டு மெஷ் கருவிகள் கடைக்கு வந்தன. ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டு மூன்று பெட்டிகள். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர். எந்தப் பெட்டி, எந்தப் பட்டை என்ற கவலை பயனருக்கு வேண்டாம் என்றார்கள். இதில் நியாயம் இருக்கிறது. பெட்டிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதும் அதே வானலையில்தான். விவரம் தெரியாமல் ஒரு பட்டையை அணைத்தால் வீட்டு வலை முழுவதும் அறுந்துபோகலாம்.

ஆனால் ஓர் உண்மையைப் பலரும் கவனிப்பதில்லை. எந்தப் பட்டையில் சேர்வது என்று கடைசியில் தீர்மானிப்பது கைபேசியோ மடிக்கணினியோதான். ரௌட்டர் குறிப்புக் காட்டலாம், பதில் தராமல் தாமதிக்கலாம், அவ்வளவே! இரண்டும் தவறாகக் கணித்தால் திருத்த மூன்றாவதாக ஒரு மனிதன் வேண்டும். அவனுடைய கையில்தான் பொத்தான் இல்லை.

இந்தக் குறையை வெளிச்சம் போட்டுக் காட்டியது மலிவான சில்லுகள். 2014-ல் எஸ்ப்ரெசிஃப் நிறுவனம் வெளியிட்ட இஎஸ்பி8266 போன்றவை 2.4-ஐ மட்டுமே அறியும். பல்பு, பிளக், கேமரா என எல்லாவற்றிலும் இத்தகைய சில்லுகள் புகுந்தன. சில கருவிகளை அமைக்கும்போது, கைபேசி காற்றில் அனுப்பும் கடவுச்சொல்லைப் பல்பு ஒட்டுக்கேட்டுத் தெரிந்துகொள்ளும். கைபேசி 5-ல் பேசினால் 2.4 மட்டும் கேட்கும் பல்புக்கு அது எப்படி விழும்? எனவே மக்கள் கைபேசியோடு தோட்டத்தின் கடைசி மூலைக்கு நடந்தார்கள். 5 மங்கியதும் கைபேசி தானாக 2.4-க்கு மாறும், அந்த நேரம் பார்த்துப் பல்பை இணைப்பார்கள். ஒரு பொத்தான் செய்ய வேண்டிய வேலையைக் கால்கள் செய்தன!

பின்னர் நிறுவனங்கள் கொஞ்சம் இறங்கி வந்தன. ஈரோ 5 கிகாஹெர்ட்ஸைச் சில நிமிடம் நிறுத்திவைக்கும் வசதி தந்தது. டிபி-லிங்க்கின் டெகோ, வீட்டுச் சாதனங்களுக்கெனத் தனிப் பெயர் வைக்க இடம் கொடுத்தது. ஒற்றைப் பெயர் அப்படியே இருக்க, தேவைப்பட்டவருக்குப் பக்கவாசல் திறந்தது. இரண்டும் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ முடியும் என்பதற்கு இதுவே சான்று.

2020-ல் அமெரிக்கா 6 கிகாஹெர்ட்ஸில் 1200 மெகாஹெர்ட்ஸைத் திறந்தது. 2024-ல் சான்றளிப்பு தொடங்கிய வை-ஃபை 7, ஒரே கருவி பல பட்டைகளில் ஒரே நேரத்தில் பேச வழிசெய்கிறது. அப்படியானால் பட்டையைத் தேர்வது பழங்கதையாகிவிடுமா? பழைய பல்புகள் மாட்டிய இடத்தில் இருக்கும்வரை ஆகாது. தானியங்கி வசதி நல்லதுதான். ஆனால் அது தவறும் நாளில் கைபோடுவதற்கு ஒரு கைப்பிடி வேண்டும். 1985-ல் வானலை உரிமம் இன்றித் திறக்கப்பட்டது மக்கள் அதைத் தாங்களே பயன்படுத்தட்டும் என்பதற்காகத்தான். அந்தச் சாவியைச் செயலிக்குள் பூட்டிவைப்பது அந்த நோக்கத்துக்கே முரண் அல்லவா?