ஒற்றையடிப் பாதையில் ஒரு சரித்திரம்

திருச்சி புத்தூர் நாலு ரோட்டில் நின்றுகொண்டு யாரிடமாவது, ‘இங்கே பக்கத்தில் மலை ஏதாவது உண்டா?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘ஏன் இல்லை? அதோ மலைக்கோட்டை!’ என்று பதில் வரும். 273 அடி உயரப் பாறை. மூச்சு வாங்க ஏறி உச்சிப்பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு வந்தால், மலையேறிய புண்ணியம் முடிந்தது!

ஆனால், அங்கேயே கொஞ்சம் நின்று, வானம் தெளிவாக இருக்கும் நாளில் வடக்கே பார்த்திருக்கிறீர்களா? அடிவானத்தில் நீலமாகக் கோடு கிழித்த மாதிரி சில மலைகள் தெரியும். பச்சைமலையும் கொல்லிமலையும்தான் அவை. நாம் இப்போது போகப்போவது கொல்லிமலைக்கு. பஸ்ஸில் அல்ல... நடந்து!

பஸ்ஸில் போகிறவர்களுக்குக் கொல்லிமலை என்றால் நாமக்கல் பக்கத்திலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள்தான். எலுமிச்சம்பழமும் பிளாஸ்டிக் பையும் இல்லாமல் அந்தச் சாலையில் ஏற முடியாதவர்கள் உண்டு! திருச்சிக்காரர்களுக்கு வேறொரு வாசல் இருக்கிறது. துறையூர், உப்பிலியபுரம் வழியாகப் போனால் மலையடிவாரத்தில் புளியஞ்சோலை. எழுபது சொச்சம் கிலோமீட்டர். அங்கே பாறைகளுக்கு நடுவே சலசலத்து வருகிறதே, அது ஐயாறு. அந்த ஓடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் தாண்டித் தாண்டி, இடுக்கான பள்ளத்தாக்கு வழியே மேலேறுகிறது ஓர் ஒற்றையடிப் பாதை. முடியும் இடம், ஆகாய கங்கை அருவி. சுமார் 300 அடி என்கின்றன சுற்றுலாக் கையேடுகள். அதற்கும் மேலே அறப்பளீஸ்வரர் கோயில்.

இந்தப் பாதையை யார் போட்டது? எந்த இன்ஜினீயரும் இல்லை. கால்கள் போட்டன. மலைக்கு ஏறும் இந்த மாதிரிப் பாதைகளில் யார் யார் நடந்தார்கள் என்று பார்த்தால், தமிழ்நாட்டுச் சரித்திரத்தின் பாதி ஆட்கள் வரிசையில் வந்து நிற்கிறார்கள்.

முதலில் வருகிறவர்கள், சங்க காலத்துப் பாணர்கள். கையில் யாழ், வயிற்றில் பசி. வன்பரணர் என்ற புலவர் புறநானூற்றில் ஒரு காட்சியைக் காட்டுகிறார். காட்டில் ஒருவன் அம்பு விடுகிறான். அது யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் மேல் போய்த் தைக்கிறது. ஒரே அம்பு! (கொஞ்சம் ‘ஓவர்’தான். புலவர் அல்லவா!) பசியோடு வந்த கூட்டம் அந்த வேடன் முன்னால் பாடுகிறது. பாட்டில் ‘ஓரி’யின் பெயர் வந்ததும் அவன் கூச்சத்தில் தலைகுனிகிறான். காரணம், அவன்தான் ஓரி! கொல்லிமலையின் அரசன். மான் இறைச்சியும் தேனும், கூடவே பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். கடையெழு வள்ளல்களில் ஒருவன் என்ற பெயர் சும்மா வரவில்லை.

அடுத்து அதே மலையில் கேட்பது, படைகளின் காலடிச் சத்தம். திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரி படையோடு வந்து ஓரியைக் கொன்றான். கொன்று, மலையைத் தானா வைத்துக்கொண்டான்? இல்லை. சேரனிடம் ஒப்படைத்தான். பிறகு, பெருஞ்சேரல் இரும்பொறை தகடூர், அதாவது இன்றைய தர்மபுரியில் அதியமானை வென்றான். இதிலுள்ள வேதனையைக் கவனித்தீர்களா? ஓரி, காரி, அதியமான்... மூவருமே அந்தக் கடையெழு வள்ளல்கள் பட்டியலில் இருப்பவர்கள். வள்ளலை வள்ளலே கொன்றிருக்கிறான்!

இந்த மலைக்கு ஏன் இத்தனை அடிதடி? மேப்பை எடுத்துப் பாருங்கள். இரும்பொறைச் சேரர்களின் கல்வெட்டு கிடைத்த புகளூர், கரூர் பக்கத்தில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே தர்மபுரி. நடுவில், சற்றுக் கிழக்கே கொல்லிமலை. மேலே போனால் 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் விரிந்த நிலம். தண்ணீர், தேன், தினை. அந்த உயரத்தில் இருப்பவனுக்குக் கீழே போகிற வருகிற ஆள் எல்லாம் தெரியும். சேரன் கண் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம்.

அந்நியர்களை மிரட்டவும் மலையில் ஒருத்தி இருந்தாள். கொல்லிப்பாவை! தெய்வம் செய்து வைத்த அழகான பொம்மை என்று சங்கப் பாடல்கள் அவளைச் சொல்கின்றன. சிரித்து மயக்கியே ஆளைக் கொன்றுவிடுவாள் என்பது கதை. வழி தெரியாமல் பள்ளத்தில் விழுந்தவர்கள், காட்டுக் காய்ச்சலில் செத்தவர்கள் எத்தனை பேரோ... பழி அவள் மேல் விழுந்திருக்கலாம். ‘அத்துமீறி நுழையாதே’ என்று அந்தக் காலத்தில் மாட்டிய போர்டு என்றும் வைத்துக்கொள்ளலாம்!

காய்ச்சல் என்றதும் வெள்ளைக்காரர்கள் ஞாபகம் வருகிறது. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் ஏற்காட்டில் காபிச் செடி நட்டார். துரைமார்கள் குடியேறினார்கள். பங்களா, சர்ச், சாலை எல்லாம் வந்தன. கொல்லிமலையோ மலேரியாவுக்குப் பேர்போனது. துரைமார்கள் தள்ளியே நின்றார்கள். விளைவு? நெடுங்காலம் ஒற்றையடிப் பாதைகளே இந்த மலையின் நெடுஞ்சாலைகள்!

அந்த நெடுஞ்சாலைகளின் சொந்தக்காரர்கள், மலையாளிகள். ‘கேரளாவா?’ என்று கேட்காதீர்கள். மலையை ஆள்பவர் மலையாளி. திருச்சி, சேலம் பக்கத்து மலைகளில் வாழும் பழங்குடிகள் இவர்கள். காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூன்று பேர் கிளம்பி ஆளுக்கொரு மலையில் குடியேறியதாக அவர்களே சொல்லும் கதை உண்டு. பலாப்பழத்தையும் வாழைத்தாரையும் தலையில் சுமந்துகொண்டு சந்தைக்கு இறங்கியவர்கள், உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறியவர்கள் இவர்கள்தான். எந்தப் பாறை வழுக்கும், எந்த மரத்தடியில் சுமையை இறக்கலாம் என்பதெல்லாம் அவர்களுடைய கால்களுக்கு மனப்பாடம்.

பிறகு, சாலை வந்தது. வரட்டுமே! பிரசவ வலியில் துடிக்கிற பெண்ணைத் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கிய அவஸ்தையை, ‘ஆஹா, பாரம்பரியம்!’ என்று நாம் ரசிக்கக் கூடாது. பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் சாலை வழியாகத்தான் வந்தன. கூடவே லாரியும் வந்தது. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக்கிழங்கு வேண்டும். சாமையும் தினையும் விளைந்த வயல்களில் மரவள்ளி ஏறியது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அந்தச் சிறுதானியங்களைக் காப்பாற்ற இந்த மலையில் பல வருடங்கள் பாடுபட வேண்டியிருந்தது. பாதையின் கதையும் அதேதான். விதைக்காத சாமை மாதிரி, நடக்காத பாதையும் காணாமல் போகும். ஒரு சில மழைக்காலம் போதும், உண்ணிச்செடி மூடிவிடும்.

இன்றைக்கு அந்தப் பாதைகளைத் தேடி வருகிறவர்கள், ‘டிரெக்கிங்’ இளைஞர்கள். நல்ல விஷயம்தான். ஆனால், 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்ததை மறக்க முடியுமா? காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகள் வந்தன. 2024-ல் வனத்துறையே மாநிலமெங்கும் 40 பாதைகளை ஒழுங்குபடுத்தி, உள்ளூர் வழிகாட்டிகளோடு மலையேற்றத் திட்டம் ஆரம்பித்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த உள்ளூர் வழிகாட்டிதான். செல்போன் மேப் பாதையைக் காட்டும். பாறை வழுக்குமா என்று சொல்லாது. தலைச்சுமையோடு இறங்கியவரின் பேரனோ பேத்தியோ சொல்வார். அந்த அறிவுக்குச் சம்பளம் கிடைத்தால், பாதையும் பிழைக்கும்!

ஆகவே, ஐயாற்றங்கரைக்குப் போக நினைக்கிற திருச்சிக்காரர்களே... வனத்துறையின் அனுமதி இல்லாமல் மேலே ஏற வேண்டாம். அனுமதி கிடைத்தால், ஊர் ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்னொன்று... புளியஞ்சோலையில் வெயில் அடிக்கும், மேலே மலையில் மழை கொட்டிக்கொண்டிருக்கும். பள்ளத்தாக்கு குறுகலானது. தண்ணீருக்கு ஒதுங்க இடம் கிடையாது. முழங்கால் அளவு ஓடை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆளை அடித்துக்கொண்டு போகும். மலை உச்சி கறுத்திருந்தால், வாசலோடு திரும்பி வந்துவிடுங்கள்.

ஓரியின் மலை எங்கேயும் போய்விடாது!