மண்ணெண்ணெயில் ஓடிய ஏ போட்டி

தூரப் பயணத்துக்குக் காரை ஆயத்தப்படுத்துவது எண்டால் இன்றைக்கு நாங்கள் பார்ப்பது ரயரில் காற்று, றேடியேற்றரில் தண்ணி, ஓயில் மட்டம். 1990 யூனில் போர் மறுபடி தொடங்கி, வடக்குக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்ட பிறகு யாழ்ப்பாணத்தில் இந்தப் பட்டியலே வேறு. அந்தக் காலத்தைப் பற்றி எழுதும்போது குண்டுவீச்சையும் இடப்பெயர்வையும் எழுதுகிறோம். சனம் எதில் ஏறிப் போய் வந்தது என்பதை விட்டுவிடுகிறோம்.

பெற்றோலுக்குப் பதிலாகக் கையில் இருந்தது மண்ணெண்ணெய், அதுவும் அளவாகத்தான். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் லேசில் ஆவியாகாது. ஆகவே முதலில் காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணவேண்டும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெயில் ஓடும். அந்தச் சில துளிக்காக ஒரு சின்னப் போத்தல் பெற்றோலை மருந்து மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

எல்லாக் காரும் இதற்கு ஒத்துவராது. 1950களில் வந்த ஒஸ்ரின் ஏ-40 (எங்கட சனத்தின் வாயில் ‘ஏ போட்டி’), மொறிஸ் மைனர் போன்றவற்றின் எஞ்சினில் அமுக்க விகிதம் குறைவு. மட்டமான எரிபொருளையும் அவை தாங்கின. பிறகு வந்த கார்களில் அமுக்கம் கூட, மண்ணெண்ணெய் விட்டால் எஞ்சின் தட்டும். பழைய இரும்புக்குப் போயிருக்கவேண்டிய கிழட்டுக் கார்கள் இப்படித்தான் ராசாவாகின. அதற்கும் விலை இருந்தது. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி ஓயிலை மெலிய வைக்கும், பிளக்கில் கரி படியும், பின்னால் ஒரே புகை. பிளக்கைக் கழற்றித் துடைப்பதும், தள்ளிவிட ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதும் பயண ஆயத்தத்தில் சேர்ந்தன.

குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால் கார் மட்டும் போதாது. புலிகளின் பாஸ் வேண்டும், அதற்குப் பிணை நிற்க ஆள் வேண்டும். ஆனையிறவுப் பாதை மூடியிருந்ததால் கிளாலிக் கரையில் வாகனத்தை விட்டிறங்கி, இரவில் வள்ளம் ஏறவேண்டும். 1993 ஜனவரியில் அந்தக் கடனீரேரியில் கடற்படையின் தாக்குதலில் பயணிகள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் சனம் அதே வழியால்தான் போனது, வேறு வழி இருக்கவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி வெளிக்கிட்டது. நாவற்குழிப் பாலத்தை நோக்கிப் போகும் வீதியில் நகர இடமில்லை. மண்ணெண்ணெய்க் காருக்கு இது மிகவும் கெட்ட பயணம்: நடை வேகத்தில் எஞ்சின் ஆறும், நின்றால் மறுபடி அந்தப் போத்தலைத் திறக்கவேண்டும். அன்றைக்குப் பெரும்பாலான சுமையைச் சுமந்தது சைக்கிள். கரியரில் அரிசி மூட்டை, பாரில் பிள்ளை, தள்ளிக்கொண்டு நடை.

வன்னியில் 2002 இல் தடை நீங்கும் வரை மண்ணெண்ணெய் ஓட்டம் தொடர்ந்தது. அப்போது கராஜ்களில் வேலை செய்த பொடியன்கள் இப்போது ஐம்பது, அறுபது கடந்தவர்கள். எந்த நேரத்தில் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது, எத்தனை துளி விடுவது என்பது அவர்களின் கைக்குத்தான் தெரியும். உங்கட வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் கேட்டு எழுதி அனுப்புங்கோ.