பாராசூகஸ்: தப்பான எலும்பில் தொங்கிய ஒரு பெயர்

என் பழைய குறிப்பேட்டில் ஒரு வரி இருந்தது: "பாராசூகஸ், முதலைகளின் மூதாதை, கோதாவரிப் பக்கம்." போன வாரம் அதை அடிச்சுட்டேன். அதில் ஊர் மட்டும்தான் சரி. மற்றது ஏன் தப்பு என்று தேடப் போய், அந்தப் பெயருக்கே ஒரு வழக்கு நடந்திருப்பது தெரிய வந்தது. அந்தக் கதைதான் இது.

இன்றைய தெலங்கானாவில், பிராணஹிதா, கோதாவரி ஆறுகளை ஒட்டிய பகுதியில் மலேரி என்றொரு கிராமம். அங்குள்ள சிவப்புக் களிமண் படிவுகள் ட்ரையாசிக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. சுமார் 22 கோடி ஆண்டுப் பழசு. அங்கே கிடைத்த சில எலும்புகளை வைத்து 1885இல் ரிச்சர்ட் லைடெக்கர் ஒரு விலங்கை விவரித்தார். பெயர் பாராசூகஸ் ஹிஸ்லோபி. பாராசூகஸ் என்றால் 'முதலைக்குப் பக்கத்தில் இருப்பது' என்று வைத்துக்கொள்ளலாம். ஹிஸ்லோபி என்பது ஸ்டீபன் ஹிஸ்லோப் நினைவாக. நாக்பூரில் இருந்த ஸ்காட்லாந்து மிஷனரி அவர். மதப் பணிக்கு நடுவே சுற்றுவட்டாரப் பாறைகளையும் புதைபடிவங்களையும் ஆராய்ந்து லண்டனுக்கு எழுதியவர். 1863இல் ஒரு பழங்காலக் கல்வட்டத் தோண்டலைப் பார்த்துவிட்டுக் குதிரையில் திரும்பும்போது ஓடை வெள்ளத்தில் மாட்டி இறந்துபோனார்.

இந்த விலங்கு பைட்டோசார் என்ற கூட்டத்தைச் சேர்ந்தது. பார்த்தால் அச்சு அசல் கங்கை நதி கரியால்தான்: நீண்டு மெலிந்த தாடை, வரிசையாகக் கூர்மையான பற்கள், முதுகில் கவசத் தகடு. ஆனால் ஒரு இடத்தைக் கவனிக்கணும். முதலைக்கு மூக்குத் துவாரம் தாடையின் நுனியில் இருக்கும். பைட்டோசாருக்கு அது கண்ணுக்குப் பக்கத்தில், மேலே ஏறி இருக்கும். ஒரே வேலைக்காக இரண்டு தனித்தனிக் கிளைகள் ஒரே உருவத்துக்கு வந்திருக்கின்றன. அந்தக் காலத்தில் முதலைகளின் உண்மையான முன்னோர்கள் மெலிந்த காலோடு தரையில் ஓடித் திரிந்த சிறு பிராணிகள். ட்ரையாசிக் முடிவில் பைட்டோசார்கள் அழிந்தன. முதலைக் கூட்டம் அதற்கப்புறம்தான் நீருக்குள் அந்த இடத்தைப் பிடித்தது. ஆக இது முதலையின் தாத்தா இல்லை. தூரத்துப் பங்காளி. எவ்வளவு தூரம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் சண்டை ஓயலை.

பைட்டோசார் என்ற பெயரும் ஒரு தப்புதான். 1828இல் ஜெர்மனியில் யேகர் என்பவர், பல் குழிக்குள் இறுகிப்போன சேற்றைத் தாவரம் தின்னும் விலங்கின் பல் என்று நினைத்து 'தாவரப் பல்லி' என்று பெயர் வைத்தார். உண்மையில் அது மாமிசம் தின்னி. பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

மலேரியில் நடந்தது அதைவிடச் சிக்கல். லைடெக்கர் வைத்திருந்த எலும்புகளில் மண்டையோட்டின் அடிப்பகுதி ஒன்று பைட்டோசாருடையதே இல்லை. கிளிமூக்கு போல வளைந்த வாயோடு செடி தின்ற ரிங்கோசாருடையது. இரண்டு விலங்கின் எலும்பு ஒரே பெயருக்குக் கீழே கலந்துவிட்டது.

பிறகு கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் மலேரியில் இறங்கினார்கள். புள்ளிவிவர நிறுவனத்துக்கு எலும்பு எதற்கு என்று கேட்கலாம். அதை நிறுவிய மகலனோபிஸ், லண்டனிலிருந்து பமேலா ராபின்சனை அழைத்து 1950களிலேயே புதைபடிவ ஆய்வைத் தொடங்கி வைத்திருந்தார். அங்கிருந்து வந்த சங்கர் சாட்டர்ஜி 1978இல் பாராசூகஸின் கிட்டத்தட்ட முழு எலும்புக்கூடுகளை விவரித்தார். அவற்றின் வயிற்றுப் பகுதியில் வேறொரு சிறிய ஊர்வன கிடந்தது. அதற்கு 1980இல் மலேரிசாரஸ் ராபின்சொனே என்று பெயர் வைத்தார். தின்றவனுக்கு மிஷனரி பெயர், தின்னப்பட்டதுக்குப் பேராசிரியர் பெயர்!

முழு எலும்புக்கூடு கிடைத்ததும் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. விலங்கியல் விதிப்படி ஒரு பெயர் அதன் மூலமாதிரி எலும்போடு கட்டப்பட்டது. கலவையைப் பிரித்த பிறகு மிஞ்சியது தாடை நுனித் துண்டு ஒன்று. 1991இல் ஹண்ட், லூகாஸ் இருவரும், இந்தத் துண்டை வைத்து எந்த விலங்கென்று சொல்ல முடியாது, பெயரே செல்லாது என்றார்கள். மலேரி விலங்கு, அமெரிக்காவில் 1904இல் பெயரிடப்பட்ட பேலியோரைனஸ் கணக்கில் போயிருக்கும்.

சாட்டர்ஜி சர்வதேச விலங்கியல் பெயரிடல் ஆணையத்துக்கு மனு போட்டார்: பழைய துண்டை விட்டுவிட்டு, முழு எலும்புக்கூட்டை மூலமாதிரியாக ஏற்கணும் என்று. 2003இல் ஆணையம் ஒத்துக்கொண்டது. 2016இல் வந்த மறு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போய், பேலியோரைனஸ்தான் பாராசூகஸுக்குள் அடக்கம் என்றது. 1885 முந்தியது, 1904 பிந்தியது. மூத்த பெயருக்கே முன்னுரிமை.

இதில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். லைடெக்கரை யாரும் முட்டாள் ஆக்கலை. தப்பையும் யாரும் மூடி மறைக்கலை. எந்த எலும்பு எதனுடையது என்று பிரித்து எழுதி, பெயரைச் சரியான உடம்போடு திரும்பக் கட்டினார்கள். அதற்கு 118 வருஷம் ஆனது.

என் குறிப்பேட்டில் அடித்த வரிக்குக் கீழே இப்போது இப்படி எழுதியிருக்கேன்: "பாராசூகஸ். பைட்டோசார். மலேரி. முதலை இல்லை." பழைய வரியைக் கிழிக்கலை. அதுவும் இருக்கட்டும்.