மூச்சின் வழியே இன்சுலின்

1922 சனவரியில் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் முதன்முறையாக ஊசிவழி செலுத்தப்பட்டது. சில ஆண்டுகளுக்குள்ளாகவே, அம்மருந்தை மூச்சுவழி செலுத்தும் சோதனைகள் ஜெர்மனியில் தொடங்கிவிட்டன. இரத்தச் சர்க்கரை குறையவே செய்தது. ஆனால் ஊசிக்குத் தேவையானதைவிடப் பன்மடங்கு மருந்து செலவாயிற்று. அடுத்த எண்பது ஆண்டுகளின் சிக்கல் இந்த விரயமே.

‘உறிஞ்சுதல்’ என்னும் நம் கலைச்சொல் இங்குச் சற்றே திசைதிருப்புகிறது. நுரையீரல் தானே மருந்தை இழுத்துக்கொள்வது போன்ற தோற்றத்தை அது தருகிறது. உண்மையில் நுரையீரல் தடுக்கும் உறுப்பு. பெரிய துகள்கள் தொண்டையிலேயே படிந்துவிடுகின்றன. மிகச் சிறியவை வெளிமூச்சோடு திரும்பிவிடுகின்றன. காற்றறைகளை எட்டியவற்றுள்ளும் ஒரு பகுதியை அங்குள்ள விழுங்கணுக்கள் அழித்துவிடுகின்றன. 51 அமினோ அமிலங்களாலான இன்சுலின் மூலக்கூறு எஞ்சிய சவ்வையும் எளிதில் கடப்பதில்லை.

ஆகவே அச்சவ்வை நெகிழ்த்துவதே வழி என ஆய்வாளர் பலர் கருதினர். பித்த உப்புகளும், புரதச் சிதைவைத் தடுக்கும் பொருள்களும் இன்சுலினோடு சேர்க்கப்பட்டன. விலங்குகளில் உட்கவர்வு கூடியது, சவ்வும் புண்பட்டது. நோய்க்கிருமிகளை வெளியே நிறுத்தும் அரணை, ஒரு நீரிழிவு நோயாளி நாள்தோறும் பலமுறை, வாழ்நாள் முழுதும் தளர்த்திக்கொண்டிருக்க முடியுமா? இவ்வினாவை முதலிலேயே எழுப்பியிருக்க வேண்டும்.

திருப்பம் துகளிலிருந்து வந்தது. 1997இல் டேவிட் எட்வர்ட்ஸ், ராபர்ட் லாங்கர் உள்ளிட்டோர் ‘சயன்ஸ்’ இதழில், உருவில் பெரிய, ஆனால் நுண்துளைகளால் எடை குறைந்த துகள்களை அறிமுகப்படுத்தினர். இலேசாக இருந்ததால் அவை ஆழத்தை எட்டின. பெரிதாக இருந்ததால் விழுங்கணுக்களுக்கு அகப்படவில்லை. எலிகளில் அவற்றின் விளைவு 96 மணிநேரம் நீடித்தது. சாதாரணச் சிறு துகள்களுக்கோ 4 மணிநேரமே.

சந்தைக்கு முதலில் வந்தது வேறொன்று. 2006 சனவரியில் அமெரிக்க ஒப்புதல் பெற்ற ஃபைசரின் ‘எக்சுபெரா’ 2007 அக்டோபரிலேயே கைவிடப்பட்டது. கருவியின் பருமனையே பலரும் காரணமாகச் சுட்டுவர். ஊசியோடு ஒப்பிட ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே உடலில் சேர்ந்தது என்பதையும் உடன் கருத வேண்டும். 1920களின் விரயம் முற்றிலும் நீங்கியிருக்கவில்லை.

2014இல் ஒப்புதல் பெற்ற ‘அஃப்ரெசா’வின் தாங்குதுகள், நுரையீரலின் நடுநிலை அமிலத்தன்மையில் உடனே கரைந்து இன்சுலினை விடுவிக்கிறது. இந்தியாவில் அதை விற்க 2024 டிசம்பரில் சிப்லாவுக்கு அனுமதி கிடைத்தது. ஆஸ்துமா போன்ற நாட்பட்ட நுரையீரல் நோயுள்ளோருக்கு அம்மருந்து விலக்கப்பட்டுள்ளது. ஏனையோரும் தொடங்குமுன் நுரையீரல் திறனைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.