தேய்மானம் என்றொரு சொல்

கண்டியிலிருந்து கலகா வழியாக லூல்கந்துரைக்கு ஏறும் பாதை செங்குத்தானது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டது அங்கேதான். அன்று முதல் கொழுந்துக் கூடையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டு அந்தச் சரிவுகளில் ஏறி இறங்கியவர்கள் நம் மலையகப் பெண்களே. பல ஆண்டுகளுக்கு முன், கண்டியில் ஓர் எலும்பு மருத்துவரின் வாயிலில் அவர்களிற் சிலரைக் கண்டேன். எல்லோர் கையிலும் முழங்கால் எக்ஸ்ரே. எல்லோர் வாயிலும் ஒரே சொல்: தேய்மானம்.

அந்தச் சொல் என்னை நெடுநாள் உறுத்தியது. வண்டிச் சக்கரம் தேயும், செருப்புத் தேயும். உயிருள்ள எலும்பும் அவ்வாறுதான் தேய்கிறதா?

விடையின் வேர் சென்னையில் இருக்கிறது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைத் தலைவராக வந்த ஜி. என். ராமச்சந்திரனுக்கு வயது முப்பதுகூட நிறையவில்லை. அங்கு வருகை தந்த பெர்னால் என்ற, அயர்லாந்தில் பிறந்த விஞ்ஞானி, கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் புதிராகவே உள்ளது என்றார். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கங்காருவின் வால் தசைநாணில் எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி ஆராய்ந்தனர். மூன்று இழைகள் முறுக்கிய கயிறு போன்றது அப்புரதம் என்று 1954 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். (அதே ஆண்டு ஏப்ரலில்தான் எலிசபெத் அரசியார் முன்னிலையில் பேராதனைப் பல்கலைக்கழகம் முறைப்படி திறந்துவைக்கப்பட்டது.) அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாகக் கிரிக்கும் ரிச்சும் குறை கண்டனர். அந்தத் தர்க்கமே 1963இல் 'ராமச்சந்திரன் வரைபடம்' பிறக்க வழி செய்தது. நோபல் பரிசு மட்டும் அவரைத் தேடி வரவேயில்லை.

எலும்பின் கனிமமல்லாத பகுதியில் ஏறத்தாழ 90 விழுக்காடு கொலாஜன்தான். நலமான எலும்பில் அந்தக் கயிற்றின் மூன்று இழைகளில் இரண்டு ஒரே வகை, ஒன்று வேறு வகை. மூட்டுவாதம் கண்ட எலும்பின் புரதத்தைப் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் பகுத்துப் பார்த்து 2002இல் வெளியிட்ட முடிவு வியப்பூட்டுவது: அங்கே மூன்று இழைகளும் ஒரே வகையாக அமைந்த கொலாஜனும் உருவாகியிருந்தது. அத்தகைய கயிறு வலுக் குறைந்தது. கனிமமும் அதிற் சரியாகப் படிவதில்லை. ஆகவே குருத்தெலும்புக்கு அடியிலுள்ள எலும்பு தடிக்கிறது, ஓரங்களில் முள்ளாக வளர்கிறது, ஆனால் உறுதி பெறுவதில்லை. குருத்தெலும்பு அழிவது உண்மை. எலும்போ தேயவில்லை, தவறாகக் கட்டப்படுகிறது.

கெல்கிரனும் லாரன்சும் 1957இல் வகுத்த எக்ஸ்ரே அளவுகோலே இன்றும் நோயைத் தரம் பிரிக்கிறது. முள்ளும் இடைவெளிக் குறைவும் தெரிந்த பிறகே அது பேசும். சிதையும் குருத்தெலும்பின் புரதத் துணுக்குகளோ சிறுநீரிலேயே வெளிப்படுகின்றன; ஆய்வுகளில் அவற்றை அளக்கிறார்கள்.

அன்று வரிசையில் நின்ற ஒரு மூதாட்டி வெளியே வந்தபோது, மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

“மேட்டுல ஏறக்கூடாதாம் ஐயா. லயத்துக்குப் போகணும்னாலே மேட்டுலதானே ஏறணும்” என்றார்.