மலை ஏரிக்கு ஒரு நாள் ட்ரெக்கிங் போறீங்களா? பனியை விட ஈரம்தான் ஆபத்து... ஏன் தெரியுமா?

உத்தராகண்டில் 4,300 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கிறது ஹேம்குண்ட் ஏரி. கரையில் சீக்கியர்களின் குருத்வாராவும் லட்சுமணர் கோயிலும் உள்ளன. அக்டோபரில் குளிர்காலத்துக்காக குருத்வாரா மூடப்படும். அதற்குள் பார்த்துவிடலாம் என்று செப்டம்பர் கடைசியில் கிளம்புபவர்கள் பலர். மழையும் பனியும் ஒரே நாளில் வரக்கூடிய நேரம் இது.

ஏன் ஒரே நாளில் திரும்பணும்?

ஏரிக்கரையில் இரவு தங்க அனுமதி இல்லை. சுமார் 3,050 மீட்டர் உயரத்தில் உள்ள கங்காரியாவில் காலையில் கிளம்பி, 6 கி.மீ. செங்குத்தான பாதையில் ஏறி, அன்றைக்கே இறங்கிவிட வேண்டும்.

கீழே மழை, மேலே பனி

100 மீட்டர் ஏறினால் வெப்பநிலை சராசரியாக 0.65 டிகிரி குறையும். கங்காரியாவில் 8 டிகிரி என்றால், ஏரிக்கரையில் 0 டிகிரியை ஒட்டி இருக்கும். கீழே சாதாரண மழைதானே என்று நனைந்தபடி ஏறுபவர், மேலே ஈர உடையோடு பனியில் நிற்பார்.

ஈரம் என்ன செய்யும்?

காற்றை விட தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். காட்டன் சட்டையும் ஜீன்ஸும் தண்ணீரைக் குடித்துக்கொண்டு சீக்கிரம் காயாது. கூடவே காற்று அடித்தால் உடல் சூடு மளமளவென இறங்கும். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போவதுதான் ஹைப்போதெர்மியா. கோவேறு கழுதையில் போவோருக்கு உடல் அசைவு குறைவு என்பதால், நடப்பவர்களை விட சீக்கிரம் குளிர் ஏறும்.

இது அக்டோபர் பிரச்சினை மட்டுமல்ல. 2024 ஜூனில் இதே மாநிலத்தின் சஹஸ்ர தால் ஏரிப் பகுதிக்கு சென்ற, பெரும்பாலும் கர்நாடகாவைச் சேர்ந்த 22 பேர் குழு மோசமான வானிலையில் சிக்கியது. 9 பேர் உயிரிழந்தனர்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* விடாத நடுக்கம், ஜிப் போடக்கூட முடியாத விரல்கள்
* பேச்சு குழறுவது, நடை தடுமாறுவது
* 'என்னை விடுங்க, இங்கேயே உட்கார்றேன்' என்பது

நனைந்து தளர்ந்துபோனவருக்கு திடீரென நடுக்கம் நின்றால், சரியாகிவிட்டது என்று நினைக்காதீங்க. நிலைமை முற்றியதன் அடையாளமாக இருக்கலாம்.

உடனே என்ன செய்யணும்?

காற்று படாத இடத்துக்குக் கொண்டுபோய், ஈர உடையைக் கழற்றி, உலர்ந்த உடையும் போர்வையும் சுற்றுங்கள். தலையை மூடுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் சர்க்கரை போட்ட சூடான டீ கொடுக்கலாம். மது கூடாது. கை, கால்களைத் தேய்க்கவும் கூடாது. மருத்துவ உதவியை உடனே கூப்பிடுங்கள்.

பையில் என்ன இருக்கணும்?

கம்பளி அல்லது ஃப்ளீஸ் உடை, இடுப்புக்குக் கீழும் மறைக்கும் ரெயின்கோட், இரண்டு ஜோடி சாக்ஸ், கையுறை, குல்லா, பிடிமானமுள்ள ஷூ, ஊன்றுகோல். ஒரு செட் உலர்ந்த உடையை பிளாஸ்டிக் கவரில் கட்டி வைப்பது ரொம்ப முக்கியம்.

எப்போ திரும்பணும்?

திரும்பும் நேரத்தைக் கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள். அந்த நேரம் வந்துவிட்டால், ஏரி அரை கி.மீ. தூரத்தில் இருந்தாலும் இறங்கிவிட வேண்டும். தலைவலியோடு வாந்தியும் வந்தால் அது உயரத்தால் வரும் பாதிப்பாக இருக்கலாம். அப்போதும் இறங்குவதுதான் வைத்தியம். ஈரப் படிகளில் இறங்கும்போதுதான் அதிகம் வழுக்கும் என்பதால், அதற்கான தெம்பையும் வெளிச்சத்தையும் மிச்சம் வைத்துக்கொண்டு ஏறுங்கள்.